வெற்று இழையில் அழுத்தம் ஏற்றினால் திறன் குறைவது ஏன்?

கேள்வி இது: லேசர் துடிப்பை இன்னும் குறுகியதாகச் சுருக்கும் அமைப்பு. டைட்டானியம்-சஃபையர் லேசர், அலைநீளம் 800 நானோமீட்டர், துடிப்பின் நீளம் 30 ஃபெம்டோ நொடி, ஆற்றல் 1 மில்லிஜூல். 250 மைக்ரோமீட்டர் உள்விட்டம், 1 மீட்டர் நீள வெற்று இழையில் (உள்ளீடற்ற கண்ணாடிக் குழல்) ஆர்கான் வாயு. அழுத்தம் ஏற்றினால் நிறமாலை நீலப்பக்கம் மட்டும் விரிகிறது, வெளிவரும் திறன் சரிகிறது. ஏன்?

வலிய ஒளியில் வாயு அயனியாகி, பிளாஸ்மாவாக (மின்னூட்டத் துகள்களின் கலவை) மாறுகிறது. பிளாஸ்மா ஒளிவிலகல் எண்ணைக் குறைப்பதால் நீலப் பெயர்ச்சி; அதுவே கற்றையை விரித்து உயர் முறைமைகளுக்குத் (இழைக்குள் ஒளி பரவும் சிக்கலான வடிவங்கள்) தள்ள, அவை சுவரில் கசிந்துவிடும். இந்த ஆற்றலுக்கு ஆர்கான் பொருந்தாது. நியானுக்கு மாறுங்கள். 1996-இல் இத்தாலியின் மிலானில் இயற்பியலாளர் நிசோலியின் குழு கிரிப்டானில் 140 ஃபெம்டோ நொடித் துடிப்பை 10-ஆகச் சுருக்கியது உண்மைதான். ஆனால் அங்கே உச்சத்திறன் உங்களுடையதைவிடப் பல மடங்கு குறைவு.

வாயுவைத் தொடுமுன் வெற்றிடத்தில் சோதியுங்கள். குவியப் புள்ளியின் விட்டம் உள்விட்டத்தில் 64%, அதாவது 160 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். இந்த இழை கோட்பாட்டளவில் சுமார் 87% கடத்தும். 65%-க்குக் கீழே வந்தால் குற்றம் வாயுவில் இல்லை. சீரமைப்பிலோ இழையின் வளைவிலோதான். (கற்றை நடுங்கினால் இழையின் முகப்பே கருகும், நிலைப்படுத்தியில் சிக்கனம் வேண்டாம்.)

பிறகு நியானை மெல்ல ஏற்றுங்கள். 3 பார் அழுத்தத்தை நெருங்கும்போது தன்குவிவு (கற்றை தானாகவே குவிவது) தலைகாட்டும். நுழைவாயிலை வெற்றிடமாக வைத்து வெளிமுனையில் மட்டும் வாயு செலுத்தினால் அயனியாக்கம், தன்குவிவு ஆகிய இரு தொல்லைகளும் தணியும்.

நிறமாலை விரிந்ததால் மட்டும் துடிப்பு தானாகச் சுருங்காது. சிர்ப் ஆடிகளில் (வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவு தாமதப்படுத்துபவை) நிறங்களுக்கிடையிலான தாமதத்தைச் சற்றுக் கூடுதலாக ஈடுசெய்து, சிலிக்கா ஆப்பு இணையால் நுணுக்கமாகத் திருத்துங்கள்: 1 மில்லிமீட்டர் சிலிக்கா சுமார் 36 சதுர ஃபெம்டோ நொடி (இத்தாமதத்தின் அலகு) சேர்க்கும்.