ஹாக்கி பேண்ட்: எந்த ஆட்டத்துக்கு எது, எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வார இறுதியில் ஸ்கேட்டிங் ரிங்கில், சக்கர ஸ்கேட் மாட்டி ஆடும் இன்லைன் ஹாக்கி ஆடுகிறோம். எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள், நாற்பதை ஒட்டிய வயது. ஆன்லைனில் 'ஹாக்கி பேண்ட்' என்று தேடினால், மெத்தையைச் சுற்றிக் கட்டின மாதிரி உப்பலாக ஒன்று வருகிறது. உடம்போடு ஒட்டிய டிரவுசராக இன்னொன்று வருகிறது. விலையும் எங்கேயோ இருக்கிறது. எதை வாங்கறதுங்க?
– சாய்பாபா காலனி, கோவை

பதில்: உப்பலாக இருப்பது ஐஸ் ஹாக்கிக்கானது. அங்கே பந்துக்குப் பதிலாக, பக் எனப்படும் 156 முதல் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு வேகமாக வந்து தாக்கும், ஆட்களும் மோதிக்கொள்வார்கள். அதனால் விலாவின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை பிளாஸ்டிக் தகடும் ஃபோமும் வைத்துத் தைத்திருப்பார்கள். ஒட்டியிருப்பதற்குக் கர்டில் என்று பெயர். லைக்ரா துணியில் பேட், அதாவது அடி தாங்கும் மெத்தைத் துண்டு, வைத்தது. அதன்மேல் தொளதொளப்பான நைலான் பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். இன்லைன் ஆட்டத்துக்கு இதுதான் சரி. பக் இலகுவானது, வேண்டுமென்று மோதுவதும் கிடையாது. சித்திரை வெயிலில் சிமென்ட் ரிங்கில் ஐஸ் ஹாக்கி பேண்ட் போட்டு ஆடினால் பாதி ஆட்டத்திலேயே ஆள் துவண்டுவிடுவார்.

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்குப் பக் பட்டு வரும் அடியைவிட, கீழே விழுந்து வரும் அடிதான் அதிகம். வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் விழுவீர்கள். நிற்க முயலும்போது பின்பக்கமாக உட்கார்ந்துவிடுவீர்கள். ஆகவே வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இரண்டு இடங்களில் பேட் எப்படி இருக்கிறது என்று பார்த்தபிறகு தொடைக்குப் போங்கள். விலை குறைந்த கர்டில்களில் முன்தொடையில் பெரிய பேட் கண்ணில் படும்படி இருக்கும், வால் எலும்புக்கு ஒரு சின்னத் துண்டு மட்டும் வைத்திருப்பார்கள். படத்தில் முன்பக்கம் மட்டும் காட்டியிருந்தால், பின்பக்கப் படம் கிடைக்கும்வரை வாங்காதீர்கள்.

பக்கவாட்டு பேட் எங்கே உட்கார வேண்டும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். பெல்ட் கட்டும் இடத்தில் தட்டுப்படும் எலும்பை மூடினால் போதும் என்று நினைக்கிறார்கள். பக்கவாட்டில் விழும்போது தரையில் முதலில் மோதுவது அதற்கும் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் புடைத்திருக்கும் எலும்பு. கையை வைத்துக்கொண்டு காலை உள்ளும் வெளியும் திருப்பினால் அது நகர்வது தெரியும். பேட்டின் நடுப்பகுதி அந்த எலும்பின்மேல் இருக்க வேண்டும்.

அளவுக்கு ஜீன்ஸ் நம்பரைச் சொல்லாதீர்கள். 34 என்று போட்ட ஜீன்ஸ் டேப் வைத்து அளந்தால் 36 வருவது சாதாரணம். தொப்புளை ஒட்டி டேப்பால் அளந்து, அந்தக் கம்பெனியின் சார்ட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றில் லார்ஜாக இருக்கும். கையில் வந்ததும் ஸ்கேட்டும், முட்டியையும் கீழ்க்காலையும் மூடும் ஷின் கார்டும் மாட்டி, பேண்ட்டையும் போட்டு, ஆடுவதுபோல முட்டியை மடக்கிக் குனியுங்கள். பேண்ட்டின் கீழ்விளிம்பு ஷின் கார்டின் முட்டி மூடியை இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர்வரை மூட வேண்டும். இடைவெளி விழுந்தால் அடி அங்கேதான் விழும். அதே நிலையில் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். வால் எலும்பு பேட் மேலே ஏறிவிட்டதென்றால் அந்த அளவு உங்களுக்குச் சேராது.

பேட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் மறுபக்கம் வரை உணர்ந்தால் அது வெறும் பஞ்சு. இன்னொன்று: இந்த இரண்டு வகையிலும் அடிவயிற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. கிரிக்கெட் கடையில் கிடைக்கும் கப், அதாவது கவட்டைப் பகுதியைக் காக்கும் கெட்டி மூடி, தனியாக வாங்க வேண்டும்; பெண்களுக்கான வடிவம் வேறு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பையனுக்கு 12 வயது. வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் வரட்டும்னு ஒரு சைஸ் பெரிசா எடுக்கலாமுங்களா?
– பெருந்துறை

பதில்: பள்ளிச் சீருடைக்கு இந்தக் கணக்கு சரி, இதற்குச் சரிவராது. இடுப்பு தொளதொளவென்றிருந்தால் ஓடும்போது பேண்ட் இறங்கும். அதோடு பேட்டும் இறங்கும். அப்புறம் இடுப்பெலும்பு வெறுமையாகவும் தொடை இரட்டைப் பாதுகாப்போடும் இருக்கும். நாடாவை இறுக்கிக் கட்டினால் துணி சுருங்குமே தவிர பேட் தன் இடத்துக்குத் திரும்பாது.

வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால், தொடையைச் சுற்றி ஜிப் உள்ள மாடல் பாருங்கள். ஜிப்பைத் திறந்தால் நீளம் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடும். ஐஸ் ஹாக்கி வகைகளில் இது பரவலாக உண்டு. ஒல்லியாக உயரமான பிள்ளைக்கு இடுப்பு அளவுக்கு வாங்கி, தோள்பட்டைப் பட்டி மாட்டிவிடலாம். பெரியவர்களின் ஸ்மாலும் சிறுவர்களின் லார்ஜும் ஒன்றல்ல. சிறுவர் அளவில் பேட்டும் மெலிதாக இருக்கும். பெரியவர்களோடு ஆடும் பிள்ளைக்கு இதைக் கவனியுங்கள்.

கேள்வி: எங்களுக்கு பனியன் யூனிட் இருக்கிறது. ஒரு கர்டிலைப் பிரித்துப் பார்த்தேன், துணியும் ஃபோமும்தான். எங்கள் டீமுக்கு நாங்களே தைத்துக்கொள்ளலாமா?
– அவிநாசி ரோடு, திருப்பூர்

பதில்: தாராளமாக. திருப்பூரில் தைக்க முடியாதது என்று சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. தவறு நடப்பது தையலில் அல்ல, ஃபோமில்.

துணி பாலியஸ்டர்-ஸ்பான்டெக்ஸ் பின்னல், 220 முதல் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை எடுங்கள். காட்டன் லைக்ரா வேண்டாம். வியர்வையைக் குடித்துத் தொங்கிவிடும், பேட்டும் தொங்கும். ஃபோம் வாங்கும்போது டிவி பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் ஷீட்டை எடுத்துவிடாதீர்கள். அதன் குமிழ்கள் ஒருமுறை நசுங்கினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. இரண்டு விழுதலுக்குப் பிறகு அங்கே பேட் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். ஈவிஏ என்ற ரப்பர் போன்ற ஃபோம் ஷீட் கேளுங்கள். அது வியர்வையை உறிஞ்சாது, நசுங்கினாலும் மீளும்.

இரண்டு அடுக்காக வையுங்கள். உடம்புப் பக்கம் 10 மில்லிமீட்டர் மென்மையானது, வெளிப்பக்கம் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கெட்டியானது. கெட்டி அடுக்கு அடியைப் பரப்பும், மென்மையான அடுக்கு அதை வாங்கிக்கொள்ளும். மாற்றி வைத்தால் கெட்டி அடுக்கே எலும்பில் குத்தும். இடுப்புக்கும் வால் எலும்புக்கும் தனித்தனித் துண்டு. முழு ஷீட்டாக வெட்டினால் உட்காரும்போது மடியாமல் மேலே தள்ளும். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி போதும், அதற்குமேல் விடாதீர்கள்.

ஃபோமோடு சேர்த்து ஊசி ஓட்டக் கூடாது. தையல் துளை வரிசையாக விழுந்த இடத்தில் அது கிழியும். பசையும் வேண்டாம், நாலு துவையலில் உரியும், காய்ந்த பசை தோலைச் சிராய்க்கும். பை மாதிரி தைத்து, மேல்வாயில் வெல்க்ரோ வைத்து, பேட்டைக் கழற்றும்படி விடுங்கள். பைக்கும் அதே பின்னல் துணிதான். இழுபடாத துணியில் பை வைத்தால், போடும்போது சுற்றியிருப்பது இழுபட்டு, பை மட்டும் நிற்கும். பேட் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். தொடைச் சந்தில் தையல் சந்திக்காதபடி வைர வடிவத் துண்டு வைத்து, தட்டையாக உட்காரும் ஃப்ளாட்லாக் தையல் போடுங்கள். இடுப்புக்கு இரண்டு அங்குல எலாஸ்டிக்கும் உள்ளே நாடாவும்.

டீமுக்குத் தைப்பது உங்கள் விருப்பம். கடைக்கு விற்பதானால், சோதித்துப் பார்க்காமல் 'அடியைத் தாங்கும்', 'சர்வதேசத் தரம்' என்றெல்லாம் லேபிளில் போடாதீர்கள். அது தவறான விளம்பரமாகிவிடும்.

கேள்வி: ஞாயிறுதோறும் மண் மைதானத்தில் ஃபீல்டு ஹாக்கி. நான் கோல்கீப்பர். நண்பர்கள் ஐஸ் ஹாக்கி பேண்ட்டே போடச் சொல்கிறார்கள்.
– சேலம்

பதில்: வேண்டாம். கோல்கீப்பரின் உடம்பளவைக் கணிசமாகப் பெரிதாக்கும் உடையை ஹாக்கி விதிகள் அனுமதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் விதிப்புத்தகத்தை யாரும் விரிக்கப்போவதில்லை என்றாலும், உள்தொடை பேட் கனமாக இருந்தால் இரண்டு காலையும் சேர்த்து வைக்க முடியாது. பந்து நடுவில் போய்விடும். கோல்கீப்பருக்கென்றே உள்தொடை மெலிந்த பேட் டிரவுசர் வருகிறது, ஜலந்தர், மீரட் தயாரிப்புகளிலும் பாருங்கள். மண்ணில் படுத்துத் தடுப்பவர் என்றால் மேலே கெட்டித் துணி பேண்ட் ஒன்று அவசியம்; இல்லையென்றால் லைக்ரா ஒரே மாதத்தில் இடுப்பில் ஓட்டையாகும். 156 முதல் 163 கிராம் எடையுள்ள பந்து அது, கப் இல்லாமல் இறங்காதீர்கள்.

கோல்கீப்பர் அல்லாதவர்களுக்கு ஃபீல்டு ஹாக்கியில் பேட் பேண்ட் தேவையே இல்லை. கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: வியர்வை நாற்றம் போகவே மாட்டேங்குது. வாஷிங் மெஷினில் போடலாமா?
– கரூர்

பதில்: பேட்டைக் கழற்ற முடிந்தால் துணியை மட்டும் போடலாம். முடியாவிட்டால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து அரைமணி ஊறவைத்து, கையால் அமுக்கி அலசுங்கள், பிழியாதீர்கள். நிழலில், ஃபேன் காற்றில், உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் நாள்தோறும் போட்டால் எலாஸ்டிக் விட்டுப்போகும். ஆட்டம் முடிந்ததும் பையில் மூடி வைப்பதுதான் நாற்றத்துக்கு முதல் காரணம்.

கேள்வி: வெளிநாட்டுப் பிராண்டு என்று ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் இருந்த இடுப்பு பேட் வந்ததில் இல்லை. 'உள்ளாடை வகை, திரும்ப எடுக்க முடியாது' என்கிறார் விற்றவர்.
– பொள்ளாச்சி

பதில்: அளவு பிடிக்கவில்லை என்றால் அவர் போட்ட நிபந்தனை செல்லும். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் செல்லாது. 2020-ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விவரிப்புக்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது.

விற்பனைப் பக்கத்தின் படத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், தயாரான நாடு, எம்ஆர்பி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் படம் பிடியுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை அந்தப் பேண்ட்டைப் போட்டு ஆடாதீர்கள், டேக்கையும் அறுக்காதீர்கள்.