முள்ளு கத்தரிக்கு எங்கே விலை?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். கிணற்றுத் தண்ணீரில் முள்ளு கத்தரியும் தக்காளியும், மானாவாரிக் கொல்லையில் ஆடிக்கு மல்லாட்டையும் (வேர்க்கடலை) போடுகிறோம். வேலூர் மண்டிக்குக் காய் ஏற்றினால் சில நாள் கூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் மிஞ்சுவதில்லை. காட்பாடியில் இருக்கும் நாத்தனார், "எங்க அபார்ட்மென்ட்டுக்கே கொண்டாங்க அண்ணி, நல்ல விலைக்கு எடுத்துப்பாங்க" என்கிறார். "வீடு வீடா கூடை தூக்கறதா?" என்று வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் விலை இருக்கிறது, நாத்தனார் இருக்கிறார், வீட்டுக்காரர் முகம் சுளிப்பதும் இருக்கிறது. ஒன்றை மட்டும் காணோம். மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா?

விதைக்கு, உரத்துக்கு, வீட்டில் ஒரு காதுகுத்துக்கு என்று வாங்கியது நிலுவையில் இருந்தால், காயை வேறு பக்கம் திருப்பிய அன்றே பேச்சு வந்துவிடும். என் அப்பா குடியாத்தம் பக்கம் ஒரே கடைக்கு வருஷக்கணக்கில் தேங்காய் போட்டவர். கமிஷன், இறக்குக் கூலி, கழிவு என்று துண்டுச் சீட்டில் வரிசையாகக் கழித்திருப்பார்கள். அடியில் 'பழைய பாக்கி' என்று ஒரு வரி. அந்த வரி எப்போது தொடங்கியது என்று கடைசிவரை அவருக்கே தெரியாது. அதனால் முதல் வேலை, இருக்கிற பாக்கியை ஒரு நோட்டில் எழுதி, அதைத் தீர்க்க வழி பார்ப்பது.

மண்டியை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. நல்ல காய்ப்பில் ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வந்தால் அப்படியே எடுத்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? இருபது வீட்டில் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினாலும் பத்துக் கிலோதான். தினமும் கத்தரிக்காய் தின்கிற வீடும் கிடையாது.

அபார்ட்மென்ட்டில் விற்றால் மானம் ஒன்றும் போகாது. கடன் சொல்வார்களே, அதுதான் தொல்லை. "அப்புறம் தரேன்" என்று பத்து வீடு சொன்னால் வசூல் வேலை நாத்தனார் தலையில் விழும், மனக்கசப்பு உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் விழும். வாரம் ஒரு நாள் போதும். முந்தின நாளே அவர் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுச் சொல்லட்டும். காய் கைமாறும்போதே பணமும் கைமாறட்டும். (ஆயிரம் ரூபாய் பில்லை வாய் பேசாமல் கட்டிவிட்டு, கீரைக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லும் நகரத்து வாசகர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.)

உங்கள் வீட்டுக்காரருக்கு ஏற்ற இடம் உழவர் சந்தை. 1999-இல் தொடங்கிய திட்டம். வேலூர் டோல்கேட்டிலும் காட்பாடியிலும் இருக்கிறது. கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்துவிடுவதால் பேரத்துக்கு வேலை குறைவு. நிலம் மாமனார் பேரில் இருந்தாலும் சிட்டா, அடங்கலோடு போய் அடையாள அட்டை கேளுங்கள், உங்கள் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள். தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நிலக்காரர்கள்தான். பக்கத்துக் கடையில் தம் ஊர்க்காரரே கீரை விற்பதைப் பார்த்தால் அவர் கூச்சம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இன்னொரு வாசலையும் தட்டிப் பாருங்கள்: பிரியாணிக் கடைகள். நம் பக்கத்தில் பிரியாணிக்கு ஜோடி கத்தரிக்காய்தானே, ஆம்பூர் கடை என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிகொண்டா வரைக்கும் போய் நாலு கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஓடுகிறது என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே விலை பேசி, சொன்ன நேரத்துக்குக் காயைப் போட்டுவிட்டால், ஒன்றிரண்டு கடை நிலையாகக் கிடைத்தாலே பெரிய விஷயம். சந்தை சரிந்த நாளில் அந்தக் காசு கைகொடுக்கும். ஆனால் சந்தை ஏறிய நாளில் "இன்னிக்குக் காய் இல்லே" என்று நழுவாதீர்கள். மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவான்.

உங்கள் காய்க்குப் பெயரும் இருக்கிறது. வேலூர் முள்ளு கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்து இலவம்பாடி ஊர்க் காய் என்றால் தெரிந்தவர்கள் தேடி வாங்குவார்கள். பெயர் வந்ததாலேயே விலை ஏறிவிடாது, எந்தக் கத்தரியையும் 'முள்ளு' என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. விவரம் தெரிந்த பெண்கள் காயை அமுக்கிப் பார்ப்பதற்கு முன் காம்பைத்தான் விரலால் தடவுவார்கள், குத்தினால் பையில் போடுவார்கள். பறிக்கும்போது உங்கள் கையைப் பதம் பார்க்கிற அதே முள்தான். காம்பை ஒட்ட நறுக்கிவிடாதீர்கள்.

வரவு செலவையும் நோட்டில் எழுதி வாருங்கள். பறிக்கிற கூலியை எழுதும்போது உங்கள் ஒரு ஆள் கூலியையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டு ஆள்தானே என்று விட்டால் எந்த விலையும் லாபமாகத்தான் தெரியும். ஒரு மாதம் இப்படி எழுதிவிட்டு, எங்கே எவ்வளவு அனுப்பலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நாத்தனாருக்கு மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு பை கொடுத்தனுப்புங்கள், காம்போடு.