பானட்டில் கல் தெறித்த புள்ளிகள்: முழுசாக பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

கேள்வி: கார் வாங்கி இரண்டு வருடம், மெட்டாலிக் கிரே. தினமும் ஜல்லி லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பானட் முனையில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் பெயிண்ட் பெயர்ந்துவிட்டது. முழு பானட்டையும் தேய்த்துப் புதிதாக அடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். நானே டச்-அப் செய்தால் போதாதா?

போதும். தயவுசெய்து பானட்டைத் தேய்க்கக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனி பெயிண்ட் மெல்லியதுதான், எல்லா அடுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான், ஒரு ஏ4 தாளின் கனத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அதன் அடியில் இருப்பது, வண்டியின் வெறும் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் படிய வைத்த துருத்தடுப்புப் பூச்சு. மேலே இருக்கும் கிளியர் கோட்டை, அதாவது கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சை, சுமார் 140 டிகிரி சூட்டில் இறுக வைத்திருப்பார்கள். ரப்பரும் வயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டியை எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பத்துப் புள்ளிக்காக அந்தப் பெயிண்டைத் தேய்த்தெடுப்பது பெரிய நஷ்டம்.

முதலில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலான சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர், அதாவது கலருக்கு அடியில் இருக்கும் பூச்சு, இன்னும் இருக்கிறது. பளபளப்பாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் தகரம் வெளியே வந்துவிட்டது, மழைக்காலத்துக்கு முன்னால் மூடியாக வேண்டும். பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, அதற்கு அவசரமில்லை.

பெயிண்டை 'கிரே' என்று கேட்டு வாங்காதீர்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ பானட்டுக்கு அடியிலோ கலரின் குறியீட்டு எண் (கலர் கோடு) இருக்கும்; கிடைக்கவில்லை என்றால் சேசிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

வண்டியைக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் புள்ளிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள், பழைய பாலிஷின் மெழுகு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. துரு இருந்தால் ஊசி முனையால் சுரண்டி, ரஸ்ட் கன்வெர்ட்டர் (துரு மேலும் பரவாமல் மாற்றும் திரவம்) ஒரு பொட்டு. தகரம் தெரியும் இடத்தில் பிரைமர் ஒரு பொட்டு. அப்புறம்தான் கலர். பாட்டிலோடு வரும் பிரஷ் இந்த வேலைக்கு ரொம்பப் பெரிசு, பல் குத்தும் குச்சியின் முனையே போதும்: பள்ளத்தின் நடுவில் ஒரு துளி வைத்தால் அதுவே ஓரம்வரை பரவிக்கொள்ளும். மெட்டாலிக் என்பதால் பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், மினுக்குத் துகள் அடியில் தங்கிவிடும். காயக் காய பெயிண்ட் உள்வாங்கும், அதனால் அரை மணி நேரம் விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை மெல்லிசாக வையுங்கள். கடைசியில் கிளியர் கோட். நேர் வெயிலில் வேண்டாம், ஈரக் காற்றடிக்கும் நாளிலும் வேண்டாம், கிளியர் பால் மாதிரி வெளுத்துப் போகும்.

நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது இதற்குப் பிறகுதான். மறுநாள் பார்த்தால் புள்ளி கொஞ்சம் மேடாகத் தெரியும், உடனே 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நைசான உப்புத்தாளை) விரலில் சுற்றித் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கிளியர் கோட் மொத்தமே 40 மைக்ரான் அளவுதான், வெயிலைத் தடுப்பதும் அதுதான், விரல் அகலத்துக்கு அது தேய்ந்து போனால் அப்போது நிஜமாகவே முழு பானட்டையும் அடிக்க வேண்டி வரும். ரப்பிங் காம்பவுண்டும் அப்படித்தான், அடிக்கடி போட்டால் கிளியர் குறைந்துகொண்டே போகும். நான் மேட்டை அப்படியே விட்டுவிடுவேன். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாது. சில கோணத்தில் புள்ளி கறுப்பாகத் தெரிவதும் சகஜம், கையால் வைக்கும்போது மெட்டாலிக் துகள்கள் ஸ்பிரேயில் படிவது போலப் படியாது. துரு ஏறாமல் மூடினோமா என்பதை மட்டும் பாருங்கள்.

அதே ரோட்டில்தான் தினமும் போகப் போகிறீர்கள் என்றால் பானட் முனைக்கும் பம்பருக்கும் மட்டும் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் கண்ணாடி மாதிரியான ஃபிலிம், ஒட்டிக்கொள்ளலாம். அந்த ஃபிலிமே 150 முதல் 200 மைக்ரான், உங்கள் பெயிண்டைவிடக் கனம். டச்-அப் செய்து ஒரு மாதமாவது போகட்டும், சரியாகக் காயாத பெயிண்ட் ஃபிலிமோடு சேர்ந்து வந்துவிடும்.