பழைய மொனேரோ வாலட் 2688888இல் நின்றுவிட்டது: பதில்

வணக்கம். திருமங்கலத்தில் உங்கள் அண்ணன் 2021இல் நிறுவிக் கொடுத்த மொனேரோ (ஒரு கிரிப்டோ நாணயம்) வாலட், இப்போது திறந்தால் 2688888 என்ற பிளாக் (பரிவர்த்தனைப் பதிவுகளின் தொகுதி) எண்ணைத் தாண்டவில்லை, காசு போய்விட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை; கவலைப்படாதீர்கள்.

அந்த எண்ணே காரணத்தைச் சொல்கிறது. 2022 ஆகஸ்ட் 13 அன்று அந்த பிளாக்கில்தான் மொனேரோவின் விதிகள் மாறின. அனுப்புபவரைப் பிறர் பதிவுகளுடன் கலந்து மறைக்கும் ‘வளையத்தின்’ அளவு 11இலிருந்து 16 ஆக உயர்ந்தது. பழைய மென்பொருளுக்கு அதற்குப் பிந்தைய பிளாக்குகள் அனைத்தும் செல்லாதவையாகத் தெரிவதால், அது அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பிட்காயினில் 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த செக்விட் என்ற விதிமாற்றம் அப்படிப்பட்டதன்று. அது விதிகளை இறுக்கிய மாற்றம்; புதிய பிளாக்குகள் பழைய விதிகளுக்கும் பொருந்தியதால், பழைய நோடுகள் (பிளாக்குகளைச் சரிபார்க்கும் கணினிகள்) புதிய கையொப்பங்களைச் சரிபார்க்காமலே தொடர்ந்து இயங்கின.

முதலில் 25 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரைத் தாளில் எழுதி, வாலட் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பிறகு மொனேரோவின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இன்றைய பதிப்பை இறக்கி, அதன் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டை) அங்கே தரப்பட்டுள்ள ஹாஷுடன் ஒப்பிட்டபின் நிறுவுங்கள். ஏற்கெனவே இறங்கிய பிளாக்குகளை அழிக்க வேண்டாம். பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். 2022க்குப் பின் வந்த தொகை ஏதேனும் இருந்தால், ஒத்திசைவு (விடுபட்ட பிளாக்குகளை இறக்கிச் சேர்ப்பது) முடிந்த பிறகே இருப்பில் தெரியும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கணினியைக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள்; ஆனால் அந்த 25 சொற்களை, யார் கேட்டாலும், தயவுசெய்து சொல்லாதீர்கள். புதிய பதிப்பும் நின்றால், திரையில் தெரியும் பிளாக் எண்ணை இங்கே எழுதுங்கள்.