வாண்டர்லெய் சில்வா: கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு எம்எம்ஏ என்கிற கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை என்றால் உயிர். அவன் காட்டிய பழைய ஜப்பானியப் போட்டிகளில் பிரேசில்காரர் வாண்டர்லெய் சில்வாவைப் பார்த்தேன். விழுந்து கிடப்பவரின் தலையில் உதைக்கிறார், அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. பெரிய வீரர் என்கிறான் மகன். எனக்கு வெறிபிடித்தவராகத்தான் தெரிகிறார். இதில் வீரம் எங்கே இருக்கிறது?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

நீங்கள் பார்த்தது ஜப்பானின் பிரைட் என்ற அமைப்பு நடத்திய போட்டியாக இருக்கும். விழுந்தவரின் தலையில் உதைக்கவும் மிதிக்கவும் அங்கே விதி இடம் கொடுத்தது. இன்று பெரிய எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான யுஎஃப்சியில் அது தப்பாட்டம். உங்கள் கோபத்தில் பாதி அந்த விதிகளுக்குப் போகவேண்டியது.

பிரேசிலில் அவருக்குப் பட்டப்பெயரே வெறிநாய்தான். ஆனால் அந்த வெறி, குரிட்டிபா நகரின் ஷூட் பாக்ஸ் பயிற்சிக் கூடத்தில் பாடமாகப் படித்தது. பயிற்சியிலேயே முழு பலத்தோடு அடித்துக்கொள்வதற்குப் பேர்போன இடம் அது. இரண்டு கையாலும் விளாசி எதிராளியைக் கயிற்றோரம் தள்ளுவார். பிறகு இரு கைகளாலும் பிடரியைப் பற்றித் தலையைக் கீழே இழுத்து முழங்காலால் இடிப்பார். முய் தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டையின் வித்தை அது. பிரேசிலின் புகழ்பெற்ற மல்யுத்தக் குடும்பமான கிரேசி குடும்பத்தாரை அடுத்தடுத்து வென்று ஜப்பானின் செல்லப்பிள்ளையாக இருந்த சகுராபா, 2001 மார்ச்சில் இவரிடம் 98 வினாடிதான் தாக்குப்பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் அவரையே மறுபடி வென்று பிரைட் பட்டம் வாங்கிய சில்வா, 2007 வரை அதை விடவில்லை.

நான் வீரம் என்று நினைப்பது இதற்கெல்லாம் முந்தைய ஒரு தோல்வியை ஒட்டியது. 1998இல் சாவோ பாவ்லோவில் விட்டோர் பெல்ஃபோர்ட் என்ற வீரர் சில்வாவைக் கூண்டின் குறுக்கே குத்திக்கொண்டே ஓட்டி, 44 வினாடியில் முடித்தார். சொந்த நாட்டு ரசிகர்களின் கண்முன். அப்படி அடி வாங்கியவர் அதன்பின் எட்ட நின்று ஆடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் இன்னும் நெருங்கி வந்தார்.

அந்த நெருக்கத்துக்கு உடம்பு விலை கொடுத்தது. 2006இல் க்ரோ காப் என்ற வீரரின் கால், 2007இல் ஹெண்டர்சன் என்ற வீரரின் இடக்கை அவரைச் சாய்த்தன. மனசு முன்னே போகிறது, தாடை தாங்கவில்லை. 2014இல் ஊக்கமருந்துச் சோதனைக்கு வந்தவரிடமிருந்து நழுவி ஓடினார். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆயுள்தடை விதித்தார்கள், நீதிமன்றம் அதை ரத்துசெய்தபின் மூன்றாண்டுத் தடையாக முடிந்தது.

அதைவிட என்னை வருத்துவது வேறு. அடிபட்ட மூளையின் அறிகுறிகள் தம்மிடம் இருப்பதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், தம் மூளையை ஆய்வுக்குத் தரவும் விரும்புகிறார். அவ்வளவும் மேடையில் வாங்கிய அடிகளாலா? ஷூட் பாக்ஸ் பயிற்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகம் வரும். போட்டி ஆண்டுக்குச் சில நாள்தான். பயிற்சி தினமும்.

மகன் சொல்வது சரி, அவர் பெரிய வீரர்தான். அவனும் எங்காவது பயிற்சிக்குப் போகிறானா? போனால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: அந்தக் கூடத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் தலையில் அடிக்க விடுகிறார்கள்?