ஹத்தாத் குடும்பத்தின் வேர் எது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், மொன்றியலில் வசிக்கிறேன். என் கணவரின் குடும்பம் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்தது. அந்தியோக்கிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். குடும்பப் பெயர் ஹத்தாத். "நாங்கள் கஸ்ஸானிய அரச குலத்தவர், ஏமனிலிருந்து வந்த அரபுகள்" என்று என் மாமா, அதாவது கணவரின் தந்தை, பெருமையோடு சொல்வார். போன நத்தாருக்கு என் கணவர் டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டார். தந்தைவழி மரபுக்கிளை 'ஜே2' என்றும், மரபுரிமையில் பெரும்பங்கு 'லெவன்ட்' (லெபனான், சிரியா உள்ளிட்ட கிழக்கு மத்தியதரைக் கடற்கரைப் பகுதி) என்றும் முடிவு வந்தது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர், "உண்மையான அரபுகள் ஜே1. நீங்கள் லெபனான் கடற்கரையின் பண்டைய பினீசியர்கள், அரபுகளே அல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா மகனோடு சரியாகப் பேசுவதில்லை. என் மகள் பாடசாலைக்காகக் குடும்ப மரம் வரைகிறாள். அவளுக்கு நான் எதைச் சொல்வது?
– ஒரு வாசகி, மொன்றியல்

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

ஜே2 என்ற முடிவு உங்கள் மாமனார் சொல்லிவந்த கதையைப் பொய்யாக்கவில்லை, மெய்ப்பிக்கவும் இல்லை. வீட்டில் எல்லோரும் கேட்கும்படி இதை முதலில் சொல்லிவிடுங்கள். குடும்பப் பெயர் எப்படி வந்தது, தந்தைவழி நேர்கோடு எங்கே போகிறது, உடலில் உள்ள மொத்த மரபுரிமை யார் யாரிடமிருந்து வந்தது என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். உங்கள் உறவினர் ஒன்றுக்கு வந்த விடையை எடுத்து மற்ற இரண்டின் மீதும் சுமத்திவிட்டார். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

பெயரை முதலில் பார்ப்போம். ஹத்தாத் என்றால் அரபு மொழியில் இரும்புக் கொல்லர். தச்சரைக் குறிக்கும் நஜ்ஜார், தையற்காரரைக் குறிக்கும் கய்யாத், சாயமிடுபவரைக் குறிக்கும் சப்பாக் ஆகியவற்றைப் போல இதுவும் தொழிலால் வந்த குடும்பப் பெயர். லெபனான், சிரியா மலைக்கிராமங்களில் கொல்லர் இல்லாமல் ஒரு பருவமும் நகராது. இலையுதிர் காலத்து விதைப்புக்கு முன் ஏரின் கொழுமுனையை அவர்தான் காய்ச்சித் தட்டித் தர வேண்டும்; கல் நிறைந்த மலைப்பாதையில் சுமை ஏற்றிச் செல்லும் கோவேறு கழுதைகளுக்கு அவர்தான் லாடம் செய்ய வேண்டும்; கோதுமை முற்றும்போது அரிவாள்கள் அவர் பட்டறையில் வரிசைக்குக் காத்திருக்கும். நம் ஊர்க் கொல்லருக்குக் களத்து மேட்டில் நெல் அளந்ததைப் போலவே அங்கும் ஆண்டுக்கூலி பல இடங்களில் தானியமாகவே போனது. ஊருக்கு ஒன்றிரண்டு பட்டறைகள்தான் இருக்கும் என்பதால், 'கொல்லர் வீட்டுப் பிள்ளைகள்' என்ற அடையாளம் எளிதில் ஒட்டிக்கொண்டது. பின்னர் அரசாங்கப் பதிவேடுகள் வந்தபோது அதுவே நிலையான குடும்பப் பெயராயிற்று. இப்படி நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், ஹத்தாத் குடும்பங்கள் தோன்றின.

எத்தனை விதமான மனிதர்கள் இந்த ஒரே பெயரைச் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். பிரேசிலின் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற பெர்னாண்டோ ஹத்தாத், லெபனானிலிருந்து குடியேறிய கிறிஸ்தவர் ஒருவரின் மகன். துனிசியாவில் பெண்களின் உரிமைக்காக 1930இல் நூல் எழுதிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த தாஹர் ஹத்தாத் ஒரு முஸ்லிம் சீர்திருத்தவாதி. அதே துனிசியாவின் ஜெர்பா தீவில் ஹத்தாத் என்பது பழைமையான யூதக் குடும்பங்களின் பெயர். ஏமனின் ஹள்ரமவுத் பகுதியில், தரீம் நகரத்து அப்துல்லாஹ் இப்னு அலவி அல்ஹத்தாத் (1634–1720) நபிகளின் வழித்தோன்றலாக மதிக்கப்படும் பா அலவி மரபைச் சேர்ந்தவர்; அவர் தொகுத்த ராத்திப் என்னும் வேண்டுதல் தொகுப்பு இன்றும் கேரளத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓதப்படுகிறது. அவருடைய முன்னோர் ஒருவர் கொல்லர் பட்டறையில் போய் உட்காரும் வழக்கத்தால் அந்தப் பெயர் வந்தது என்றுதான் அந்த மரபில் சொல்கிறார்கள். அவர்கள் இரும்பு அடித்தவர்கள் அல்லர். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலோ, கானெம் பகுதியில் தாழ்வாக நடத்தப்பட்டு வந்த கொல்லர், வேட்டுவர் சமூகத்தையே ஹத்தாத் என்று அழைக்கிறார்கள். இவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு, ஆனால் வேறொரு நாட்டில். பிரிட்டனில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 குடும்பப் பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களின், தந்தைவழியே செல்லும் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், அரிய பெயர் கொண்டவர்களிடையே பொது மூதாதையின் தடம் தெளிவாகத் தெரிந்தது. அதே கொல்லர் தொழிலால் வந்த 'ஸ்மித்' போன்ற மிகப் பரவலான பெயர்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஹத்தாத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். ஆகவே 'ஹத்தாத்துகளின் மரபணு' என்று ஒன்றைத் தேடுவதில் பொருளில்லை. உங்கள் கணவரின் ஊரைச் சேர்ந்த ஹத்தாத்துகளின் மரபணு என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

இனி ஜே1, ஜே2 விவகாரம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. அதில் அரிதாக நேரும் மாற்றங்களைக் கொண்டு ஆண்வழிக் கிளைகளைப் பிரித்து எழுத்தும் எண்ணும் இட்டிருக்கிறார்கள். ஜே1, ஜே2 இரண்டும் ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்தவை. அந்தப் பிரிவு நடந்தபோது அரபு என்றொரு மொழியும் இல்லை, பினீசியர் என்றொரு மக்களும் இல்லை. ஜே1இன் பி58 என்ற கிளை அரேபியத் தீபகற்பத்தில், குறிப்பாக ஏமனில், மிக அதிகமாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் அதை வைத்து 'ஜே1 என்றால் அரபு' என்று சொல்வது தவறு. ஜார்ஜியா நாட்டுக் குகை ஒன்றில் கிடைத்த, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதரிடமும் ஜே1 இருந்தது.

இன்னும் நேரடியான சான்று உங்கள் கணவரின் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. தெற்கு லெபனானின் சைதா, அதாவது பழைய சீதோன் நகரில், சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஐந்து பேரின் எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இன்றைய லெபனான் மக்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. அந்த ஐவரில் இருவர் ஆண்கள். ஒருவரிடம் ஜே1இன் பி58 கிளையும், மற்றவரிடம் ஜே2இன் எம்12 கிளையும் இருந்தன. ஒரே கானானிய (பினீசியரின் முன்னோரான மக்களின்) நகரம், ஒரே காலம், இரண்டு கிளைகளும் அங்கே அருகருகே. உங்கள் உறவினர் 'இது அரபு, அது பினீசியம்' என்று கிழித்த கோடு, பினீசியரின் முன்னோர் கல்லறையிலேயே நிற்கவில்லை.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு உங்கள் கணவருக்கு வந்த 'லெவன்ட்' என்ற சொல்லை விளக்குகிறது. இன்றைய லெபனானியரின் மரபுரிமையில் ஏறத்தாழ 93 விழுக்காடு அந்த வெண்கலக் காலத்துச் சீதோன் மக்களோடு தொடர்புடைய வழியிலிருந்து வந்தது என்று அது கணித்தது. பாரசீகர், கிரேக்கர், ரோமர், அரபுகள், சிலுவைப் போர்வீரர், உஸ்மானியர் என்று எத்தனையோ ஆட்சிகள் வந்துபோன நிலத்தில், மக்களின் அடித்தளம் பெரிதாகப் பெயரவில்லை. மொழி மாறியது, சமயம் மாறியது, பெயர்கள் மாறின. குடியானவர்கள் பெரும்பாலும் அதே மலைகளில் இருந்தார்கள். ஆகவே லெபனான் குடும்பம் ஒன்றுக்கு 'லெவன்ட்' என்று வருவது எதிர்பார்க்க வேண்டியதே. அதைக் காட்டி ஒருவரை 'நீ அரபு அல்ல' என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. தலைமுறை தலைமுறையாக அரபு பேசி, அரபில் ஜெபித்து, அரபில் தாலாட்டிய ஒரு குடும்பத்திடம் அதைச் சொல்லும் உரிமை எச்சில் நிரப்பிய ஒரு குழாய்க்கு இல்லை.

கஸ்ஸானியர் கதைக்கு வருகிறேன். கஸ்ஸானியர் ஏமனிலிருந்து வடக்கே நகர்ந்த அஸ்து குலத்தவர் என்பது அரபு மரபுச் செய்தி. கிறிஸ்தவராகி, பைசாந்தியப் பேரரசின் எல்லைக் காவலராக சிரியப் பாலைவன ஓரத்தை ஆண்டார்கள். 529 முதல் 569 வரை ஆண்ட அல்ஹாரித் இப்னு ஜபலா அவர்களில் புகழ்பெற்றவர். 636இல் யர்மூக் போரில் பைசாந்தியம் தோற்றதோடு அவர்கள் ஆட்சி முடிந்தது. லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம் ஆகிய நாடுகளில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் மூலத்தை அவர்களிடம் காண்கின்றன. பாலஸ்தீனத்தின் ரமல்லா நகரையே 16ஆம் நூற்றாண்டில் ஜோர்டான் பக்கமிருந்து வந்த ராஷித் அல்ஹத்தாதீன் என்ற கிறிஸ்தவத் தலைவரின் குடும்பம்தான் நிறுவியது என்பது அந்த ஊரின் வரலாறு. உங்கள் மாமனாருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும்.

இந்த உரிமைகோரலை ஒய் குரோமோசோம் தீர்த்துவைக்காது. கஸ்ஸானிய அரசர் ஒருவரின் எலும்போடு ஒப்பிட்டாலன்றி எந்தக் கிளையையும் கஸ்ஸானியக் கிளை என்று முத்திரை குத்த முடியாது. மேலும், யர்மூக்கிலிருந்து இன்றுவரை 1,400 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்தால் 46 தலைமுறைகள். தத்து, மறுமணம், மறைவான உறவு போன்றவற்றால் தந்தைவழி மாறுவது தலைமுறைக்கு ஒரு விழுக்காடு என்று மட்டும் கொண்டாலும், கோடு ஒருமுறையும் அறாமல் வந்திருக்க ஐந்தில் மூன்று பங்கு வாய்ப்புதான் உண்டு. அதோடு, அரபுக் குலங்கள் அடைக்கலம் புகுந்தவர்களையும் உடன்பாடு செய்துகொண்டவர்களையும் தம்மவராகச் சேர்த்துக்கொண்டவை. கஸ்ஸானியரோடு இணைந்த உள்ளூர்க் குடும்பம் ஒன்று இரண்டு மூன்று தலைமுறைகளில் கஸ்ஸானியராகவே ஆகியிருக்கும். பதினான்காம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், குலவழி என்பது பெரிதும் மனத்தால் கொள்ளப்படுவது, அதன் பயன் அது உண்டாக்கும் பிணைப்பில்தான் இருக்கிறது என்று தெளிவாகவே எழுதினார். உங்கள் மாமனாரின் கதையை நான் அப்படித்தான் மதிக்கிறேன்.

உங்கள் மகளுக்கு வருவோம். அவளிடம் ஒய் குரோமோசோம் இல்லை; ஜே1, ஜே2 சண்டையில் அவள் பெயர் வரவே தேவையில்லை. தன் அப்பாவிடமிருந்து அவள் பெற்ற எக்ஸ் குரோமோசோம் முழுதும் அப்பாவின் அம்மாவுடையது. தாத்தாவிடமிருந்து அவளுக்கு வந்திருப்பது மற்ற குரோமோசோம்கள் வழியாக, சராசரியாகக் கால் பங்கு. தாய்வழியே மட்டும் செல்லும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. உங்கள் அம்மாவிடமிருந்தும் அம்மம்மாவிடமிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. பத்துத் தலைமுறை பின்னே போனால் அவளுடைய மரத்தில் 1,024 இடங்கள் இருக்கும். ஹத்தாத் என்ற பெயர் வந்த நேர்கோடு அவற்றில் ஒன்றே ஒன்று. இதை அவள் தாளில் வரைந்து பார்க்கட்டும். இதற்காக அவளுக்குச் சோதனை எதுவும் செய்ய வேண்டாம். டி.என்.ஏ. சோதனை செய்யும் 23 அண்ட் மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியாருக்குப் போயின; 2025இல் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கோரியது. தன் மரபணுவை யாரிடம் கொடுப்பது என்பதை அவள் வளர்ந்தபின் தானே முடிவு செய்யட்டும்.

கணவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் தேட வேண்டிய இடம் ஊர். லெபனானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூர்வீக ஊரில் ஒரு பதிவு எண் உண்டு. பெய்ரூட்டில் பிறந்து வளர்ந்தவரும் அந்த ஊர்ப் பதிவிலேயே இருப்பார். 1932ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை அடிப்படையாகக் கொண்ட அந்தக் குடும்பப் பதிவுச் சாற்றை மாமனாரின் பெயரில் கேட்டு வாங்கலாம். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு ஊர்க் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றனவா என்று பங்குத் தந்தையிடம் விசாரிக்க வேண்டும். பிறகு, அதே ஊரின் வேறு கிளையைச் சேர்ந்த, முப்பாட்டனார் அளவில் பிரிந்த ஹத்தாத் உறவினர் ஒருவர் முழு மனதோடு சம்மதித்தால், இருவரின் ஒய் குரோமோசோமையும் ஆழமாகப் படிக்கும் சோதனையில் ஒப்பிடலாம். ஒத்துப்போனால் அந்த ஊர் ஹத்தாத்துகளின் பொது மூதாதை ஏறத்தாழ எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார் என்பதுவரை தெரியும். ஒத்துப்போகாவிட்டால் யாரோ ஒருவரின் குடும்பத்தில் பழைய இரகசியம் ஒன்று வெளிவரும். அதற்கு இரு வீடுகளும் தயாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதையும் தொடங்கும் முன், உங்கள் கணவர் தம் தந்தையிடம் தனியாகப் போய், "ஜே2 வந்ததால் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடாது, அப்பா" என்று சொல்ல வேண்டும். அதை அவர் வாயால் சொல்வதே சரி. நீங்களோ நானோ சொல்லி அந்த மனத்தாங்கல் தீராது. பிறகு உங்கள் மகளைத் தாத்தாவின் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர் எப்படி இருந்தது, பட்டறை யாருடையது, கடைசியாக இரும்பு அடித்தவர் யார், கடல் தாண்டி முதலில் போனவர் யார், கஸ்ஸானியர் கதையை அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடும்ப மரத்தில் பெயர்களை மையால் எழுதி, கஸ்ஸானிய வேரை 'தாத்தா சொன்னது' என்ற குறிப்போடு புள்ளிக்கோட்டால் இணைக்கட்டும். வரலாற்று மாணவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.