அசிங்கம் என்று நான் ஒதுக்கிய ஸ்போர்ட்ஸ் கார் இப்போது அழகாகத் தெரிவது ஏன்?

கேள்வி இதுதான்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு காலத்தில் பிடிக்காமல் இருந்து, இப்போது பிடித்துப்போன வடிவம் எது? ஏன் மாறினீர்கள்?

எனக்கு அது ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ். மாறுவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் நானாக மாறவில்லை, என் மகள் ஒரு கேள்வி கேட்டதில் மாறினேன்.

நான் பினாங்குக்காரன். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து காரோடு தீவுக்கு வர ஃபெரியை விட்டால் வேறு வழி கிடையாது. (காரை நாங்கள் பேச்சில் காடி என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டு நண்பர்கள் மாட்டு வண்டியையோ வினிகரையோ நினைத்துக்கொள்ள வேண்டாம்.) ஃபெரியில் கார்களைக் கதவு திறக்க இடமில்லாமல் நெருக்கி நிறுத்துவார்கள். பத்து வயதில் எனக்கு அதுதான் கார் கண்காட்சி. அப்பாவின் டட்சன் 120ஒய் ஜன்னலில் தலையை நீட்டினால் பக்கத்துக் காரின் சாயத்தில் என் முகம் தெரியும்.

அப்படி ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றது ஒரு எக்ஸ்ஜே-எஸ். நீண்டுகொண்டே போனது. பின் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கூரையிலிருந்து பூட் (டிக்கி) வரை சரிந்து இறங்கும் இரண்டு தகட்டுச் சுவர்கள். மழைக்குப் பந்தல் துணியை இழுத்துக் கட்டியது போல இருந்தது.

"ஜாகுவார்டா. பெரிய தவுக்கே யாரோட காடியாவது இருக்கும்" என்றார் அப்பா. தவுக்கே என்றால் எங்கள் ஊரில் முதலாளி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜாகுவார் என்றால் எனக்கு முடிவெட்டும் கடையில் கிடந்த பழைய ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்த ஈ-டைப். அந்த நீள மூக்கு, பூனை படுத்திருப்பது போன்ற முதுகு. இது எப்படி அதே கம்பெனியின் காராக இருக்க முடியும்?

பிறகு தெரிந்தது, உலகமே அப்படித்தான் கேட்டிருக்கிறது. ஈ-டைப் 1961இல் ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமானது. 1974 வரை தயாரித்தார்கள். அந்த இடத்துக்கு 1975இல் வந்தது எக்ஸ்ஜே-எஸ். பெட்ரோலைக் குடிக்கும் 5.3 லிட்டர் வி12 எஞ்சின், அதுவும் எண்ணெய் நெருக்கடி முடிந்த கையோடு. குரோமுக்குப் பதில் கறுப்பு ரப்பர். அமெரிக்கா திறந்த கார்களுக்குத் தடை போட்டுவிடும் என்ற பயம் அப்போது இருந்ததால் கூரையோடு மட்டுமே வந்தது. ஈ-டைப்பின் வாரிசு எங்கே என்று காத்திருந்தவர்களிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? அழகான அக்காவைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் தங்கையைப் பார்த்து முகம் சுளிப்பது மாதிரிதான்.

இதில் வேடிக்கை, இரண்டிலும் ஒரே ஆளின் கை இருக்கிறது. மால்கம் சேயர். விமான கம்பெனியிலிருந்து வந்தவர், வளைவுகளைக் கணக்குப் போட்டு வரைந்தவர். எக்ஸ்ஜே-எஸ் வேலை பாதியில் இருக்கும்போதே 1970இல் இறந்துபோனார். அந்தச் சுவர்களும் காற்று பின்னால் ஒழுங்காக ஓடுவதற்காக வைத்தவைதான். இதெல்லாம் எனக்கு மிகப் பின்னால் தெரிந்தது. தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை. அறிவுக்கும் கண்ணுக்கும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகாது.

என் தாய்மாமா டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் காருக்குத் தட்டி நிமிர்த்தி ஸ்ப்ரே அடிக்கும் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் அங்கே போய்ப் பட்டி தேய்ப்பேன். கை விரல் ரேகை எல்லாம் போய்விடும். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மதியச் சோறும் ஐந்து வெள்ளியும் (ரிங்கிட்). ஆனால் காரைப் பார்ப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். மாமா நிறத்தைப் பார்க்க மாட்டார். ட்யூப் லைட்டைத் தகட்டின் மேல் சாய்வாகப் பிடித்து, அதன் பிரதிபலிப்புக் கோடு எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். கோடு நெளிந்தால் தகடும் நெளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு முறை நிஜமான ஈ-டைப் ஒன்று சாயத்துக்கு வந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மாமா வழக்கம்போல லைட்டைப் பிடித்துக்கொண்டு போனட்டில் ஆரம்பித்து நடந்தார். முன்பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாகத் தூக்கும் போனட் அது. அந்த வெள்ளைக் கோடு மூக்கிலிருந்து கதவு வரை எங்கேயும் அறுபடாமல் ஓடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலுதான் உள்ள போயிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. ஈ-டைப்பின் சக்கரங்கள் ஒல்லியானவை, உடம்புக்குள் ஒடுங்கி நிற்பவை. அகலமான தோளுள்ள ஆள் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பது போல. இன்றும் அது அழகான கார்தான், மறுக்கவில்லை. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1996இல் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் குறையே இல்லாத தெய்வமாக எனக்கு அது அந்தப் பட்டறையோடு முடிந்துவிட்டது.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு பினாங்கில் லெபோ பந்தாய் தெருவில், பழைய வங்கிக் கட்டடங்கள் இருக்கும் பக்கம், ஒரு எக்ஸ்ஜே-எஸ் நின்றது. பழைய கரும்பச்சை. அதற்கு முன்னால் ஒரு அல்ஃபார்ட் வேன், பின்னால் ஒரு ஹைலக்ஸ் பிக்கப். மகள் நடையை நிறுத்திவிட்டாள்.

"ப்பா, இது என்ன காடி? அழகா இருக்கு."

"இதுவா? இது வந்தப்ப எல்லாரும் திட்டுனாங்க. இதுக்கு முன்னாடி வந்ததுதான் அழகு."

"நான் அதப் பாக்கலையே. அதப் பாத்தாத்தான் இதப் பத்திப் பேசணுமா?"

பதினேழு வயது. பதில் சொல்லத் தெரியாமல் நானும் நின்று பார்த்தேன். ஃபெரியில் எங்கள் டட்சனுக்குப் பக்கத்தில் கப்பல் மாதிரி தெரிந்த கார், இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. எக்ஸ்ஜே-எஸ்ஸின் உயரம் சுமார் 1.26 மீட்டர். அல்ஃபார்ட் 1.9 மீட்டர் வரும். கண்ணாடியெல்லாம் மெலிதாக, இடுப்புக் கோடு தாழ்வாக. நான் பந்தல் துணி என்று நினைத்த அந்தச் சுவர்கள் இல்லாவிட்டால் அந்த நீள முதுகு மொட்டையாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் பட்டது. கார் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. பக்கத்தில் நிற்பவைதான் மாறியிருந்தன. என் மனதில் அதற்குப் பக்கத்தில் எப்போதும் நிறுத்தி வைத்திருந்த ஈ-டைப்பையும் மகள் நகர்த்திவிட்டாள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஈ-டைப் விற்றது 72 ஆயிரத்துச் சொச்சம். ஊரே திட்டிய எக்ஸ்ஜே-எஸ் 1996 வரை, 21 வருடம் ஓடி, 1 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டியது. 1991இல் உடம்பைத் திருத்தியபோதும் அந்தச் சுவர்களை எடுக்கவில்லை.

படத்தை மாமாவிடம் காட்டினேன். எழுபது தாண்டிவிட்டார். விரலால் பெரிதாக்கி, சுவர் வந்து உடம்போடு சேரும் மூலையைப் பார்த்தார். "இங்க தண்ணி நிக்கும். துரு பிடிச்சா யாரு அடிக்கிறது?" என்றார். அவருடைய அழகியல் அது. சும்மா சொல்லவில்லை, எக்ஸ்ஜே-எஸ் வைத்திருப்பவர்கள் பயப்படும் துரு இடங்களில் அதுவும் ஒன்று.

எதிர்ப்பக்கமாகவும் எனக்கு ஒன்று நடந்திருக்கிறது. 80களில் என் வயதுப் பையன்கள் எல்லோர் அறைச் சுவரிலும் லம்போர்கினி கவுன்டாக் இருந்தது. சிவப்பு நிறம், பின்னால் பலகை மாதிரி ஒரு பெரிய இறக்கை. இறக்கை இல்லாத படம் கிடைத்தவனைப் பாவம் என்று பார்ப்போம். கவுன்டாக் என்பதே இத்தாலியின் பியத்மோன்ட் பக்கத்துப் பேச்சில் நம் 'அடேயப்பா' மாதிரி ஒரு சொல். மார்செல்லோ காந்தினி பெர்டோனே என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது வரைந்தது. 1971இல் ஜெனீவாவில் மஞ்சள் நிற மாதிரியைக் காட்டினார்கள், 1974இலிருந்து எல்பி400 என்ற பெயரில் விற்றார்கள். அந்த முதல் வகைக்கு இறக்கை கிடையாது, சக்கரத்துக்கு மேல் ஒட்டுப்போட்ட வீக்கம் கிடையாது, ஒல்லி டயர். தரையிலிருந்து கூரை வரை ஒரே வீச்சில் போட்ட கோடு. 1978இல் அகல டயருக்காக ஃபைபர்கிளாஸ் வீக்கங்களை வைத்தார்கள். இறக்கை விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் சாமான்தான். அது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கவே செய்தது.

இப்போது எல்பி400 படத்தைப் பார்த்தால் மூச்சு நிற்கிறது. நான் சுவரில் ஒட்டிய சிவப்புக் காரைப் பார்த்தால் கல்யாண வீட்டில் இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர் ஞாபகம் வருகிறது. பதினைந்து வயதில் எனக்குப் பிடித்தது அந்த நகைதான் போலும். இப்போது இருபது வயதில் இருக்கும் சில நண்பர்கள் இறக்கை வைத்ததுதான் கவுன்டாக் என்று அடித்துச் சொல்கிறார்கள். அவர்களோடு சண்டை போட எனக்கு யோக்கியதை இல்லை.

மாறாததும் உண்டு. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் குரோம் பம்பரோடு வந்த சின்ன அழகி. அமெரிக்க மோதல் விதிகளுக்காக 1974 கடைசியில் மூக்கிலும் வாலிலும் கனமான கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தார்கள். பம்பர், விளக்கு உயர விதிக்காக உடம்பையே ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கினார்கள். மாமாவின் பட்டறைக்கு ஒருவர் அப்படி ஒரு காரைக் கொண்டுவந்து, பழைய குரோம் பம்பருக்கு மாற்றித் தரச் சொன்னார். வெளியே தெரிவது போல் அது பம்பரைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை, முன் மட்கார்டு தகட்டையே வெட்டி ஒட்ட வேண்டும். மாமா இரண்டு வாரம் முனகிக்கொண்டே செய்தார். இப்போது அந்தக் கறுப்பு மூக்கு எனக்கு உறுத்துவதில்லை. அந்தக் காலத்துக் கார்களில் பாதி அப்படித்தான் இருந்தன, அதற்கும் ஒரு 70கள் முகவெட்டு உண்டு. ஆனால் அந்த உயரம்? கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் நடப்பது போல நிற்கிறது. நாற்பது வருடம் பார்த்தாயிற்று, பழகவில்லை.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பெட்டியில் யாராவது சொல்வீர்கள். அழகு கூடுவதற்கும் விலை கூடுவதற்கும் தொடர்பு இருக்கிறது. மலிவாகக் கிடக்கும்வரை 'தோல்வி' என்கிறோம், ஏலத்தில் நல்ல விலை போனதும் 'தைரியமான வடிவம்' என்கிறோம். என் கண்ணும் அதில் மாட்டியிருக்கலாம். அதனால் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன், போர்ஷே 911இன் 996 வகையில். 1997இல் வந்தது. காற்றால் குளிரும் பழைய எஞ்சினுக்குப் பதில் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வந்த முதல் 911. பணத்தை மிச்சப்படுத்த முன் விளக்கை போர்ஷேயின் இன்னொரு காரான பாக்ஸ்டரோடு பங்குபோட்டார்கள். ஆரஞ்சு இண்டிகேட்டர் ஒழுகி நிற்கும் அந்த விளக்குக்கு உலகம் முழுக்கப் பெயர் பொரித்த முட்டை. 911களில் நெடுங்காலம் மலிவாகக் கிடந்தது இதுதான். இப்போது மெல்ல ஏறுகிறது. விலை முழுதாக ஏறுவதற்குள் எனக்குப் பிடித்துவிட்டால் அது என் சொந்தக் கண் என்று நம்பிக்கொள்வேன்.

போன மாதம் கெர்னி டிரைவில் வெள்ளி நிறத்தில் ஒன்று நின்றது. பின்னாலிருந்து நடந்து வந்தேன். இடுப்பு நன்றாக இருக்கிறது, ஒல்லியாக, இப்போதைய 911போல ஊதிப்போகாமல். கதவு வரை வந்தேன், இன்னும் பிடித்தது. முன்பக்கம் போனேன். நாசி கோரெங் (பொரித்த சோறு) மேல் வைத்துத் தரும் தெலூர் மாத்தாதான், அதே பொரித்த முட்டைதான், ஞாபகம் வந்தது. பசியும் வந்துவிட்டது.